சித்திரைக்கு மூடினால் தீபாவளிக்கு

இளங்கீரன் உறையின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது கல்யாணி குசினிக் கதவால் கராஜுக்குள் வந்தாள். காரின் சிவப்பு மூக்கு பாதி வெளியே வந்துவிட்டது. பெயின்ற் உரசாமலிருக்க உறைக்குக் கீழே கிருபானந்தன் விரித்து வைத்திருந்த பழைய வேட்டி நழுவி நிலத்தில் கிடந்தது. வீட்டுக்குள் சனம். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவரையே பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்.

"மூடு" என்றாள் மகனிடம்.

"அம்மா, அப்பாவின்ர கார். பெட்டி போற ஹேர்ஸுக்குப் பின்னால நான் இதை ஓடிக்கொண்டு வாறன். அவருக்கு அது விருப்பமாயிருக்கும்."

"குளிர்காலம் முடியேல்லைத் தம்பி. மூடு."

இளங்கீரனுக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. சிட்னியிலிருந்து விழுந்தடித்து ஓடிவந்தவன், அம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பான். பொரோனியாவில் எங்கே பனி கொட்டுகிறது? கராஜ் வாசலில் நல்ல வெயில். மெல்பேர்னின் ஆடி மாத வெயிலுக்கு வெளிச்சம் உண்டே தவிரச் சூடு கிடையாது. ஆனாலும் வெயில் வெயில்தானே. கல்யாணி அவனுடன் வாதாடவில்லை. குனிந்து வேட்டியை எடுத்து உதறினாள். பொனற்றின்மேல் சுருக்கமில்லாமல் விரித்தாள். பிறகு உறையைத் தானே இழுத்து நாலு மூலையும் கொழுவினாள். சேலைத் தலைப்பில் கிறீஸ் பிரண்டதைக் கவனிக்கவில்லை.

அந்தக் காரால் அவளுக்கு வந்த மானக்கேடு கொஞ்சநஞ்சமல்ல. இளங்கீரன் கலியாணம் முடித்துச் சிட்னிக்குப் போன கையோடு கிருபானந்தன் அதை வாங்கினார். றெயில் பெட்டி திருத்தும் பட்டறையில் ஆயுள் முழுக்க வேலை செய்த மனுசன். பழைய கொரொல்லாவைத் தவிர வேறு காரை ஏறெடுத்தும் பாராதவர். ஒரு சனிக்கிழமை போய், இரண்டே இரண்டு இருக்கை வைத்த, கூரையை மடித்துப் பின்னுக்குப் போடுகிற சிவப்பு மாஸ்டா ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். "இனி வீட்டில ரெண்டு பேர்தானே. ரெண்டு கதிரை காணும்" என்றார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பிள்ளையார் கோயிலில் பூசை முடியுமுன்னரே, அண்ணைக்கு இரண்டாம் வாலிபம் திரும்பிவிட்டதோ என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவள் கோயிலில் சிரித்துச் சமாளித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அவரோடு முகங்கொடுத்துப் பேசாமல் ஒரு கிழமையை ஓட்டினாள்.

அந்த வியாதி அவருக்குக் கனடாவிலிருந்து தொற்றியது. ரொறன்ரோவில் இருக்கிற தம்பி செந்தில்நாதன் முதலில் ஒன்று வாங்கினான். அதே மாஸ்டா, நிறம் மட்டும் நீலம். அண்ணனும் தம்பியும் ஒரே வருசத்தில் கொழும்பை விட்டு வெளிக்கிட்டவர்கள். ஒருவர் இந்தப் பக்கம் பறந்தார், மற்றவர் அந்தப் பக்கம் பறந்தார். அதற்குப் பிறகு நேரில் சந்தித்தது இரண்டே தரம். ஒருமுறை லண்டனில் ஒரு கலியாண வீட்டில், மற்றது தாய் செத்தபின் நடந்த அந்தியேட்டிச் சடங்குக்கு. இனிச் சந்திக்கவும் வழியில்லாமல் போயிற்று. செந்தில்நாதனுக்குச் சிறுநீரகம் பழுதாகி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். பிளேன் ஏற முடியாது. அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் அவன் நீலக் காரைத் தானே ஓடிக்கொண்டு போய் வருவான். நோயாளி போகிற மாதிரிப் போகக்கூடாது என்பது அவனுடைய வீறாப்பு.

இரண்டு பேரும் சாரதி இருக்கையிலிருந்து படம் எடுத்து அனுப்பிக்கொள்வார்கள். இங்கே ஸ்ரியறிங் வலப்பக்கம், அங்கே இடப்பக்கம். கிருபானந்தன் இரண்டு படத்தையும் போனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கல்யாணிக்குக் காட்டுவார். ஒரே காரில் அண்ணனும் தம்பியும் அருகருகே இருந்து போகிற மாதிரித்தான் இருக்கும். அவளும் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் நேர்ந்துவிட்ட ஆட்டுக்கிடாய்ச் சிரிப்பு என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுப்பாள்.

அங்கே தீபாவளி மட்டில் குளிர் இறங்கத் தொடங்கும். பனி உருக வீதிக்கு உப்புப் போடுவார்கள், கார் துருவேறிக் கறள் பிடிக்கும். ஆகவே காரை மூடிவைத்தே ஆகவேண்டும். முதல் வருசம் மூடிய அன்று செந்தில்நாதன் போனில் அழாக்குறையாக, இனிச் சித்திரை வரைக்கும் இது பிணம் மாதிரிக் கிடக்கப்போகிறது என்றான். கிருபானந்தன் உடனே கராஜுக்குப் போய்க் காரை ஸ்ரார்ட் பண்ணிப் போனை எஞ்சினுக்குக் கிட்டப் பிடித்தார். "நீ மூடு. நான் ஓடுறன்" என்றார். சித்திரை பிறந்து அங்கே அவன் உறையைக் கழற்றியதும், நியாயத்துக்கு நியாயம் என்று இங்கே இவர் மூடினார். அன்றிலிருந்து அதுவே சட்டமாகிவிட்டது. உலகத்தின் இரண்டு அந்தங்களில் நிற்கிற இரண்டு கார்களில் ஏதாவது ஒன்று வீதியில் இருக்கவேண்டும். இரண்டும் ஒரேயடியாக நிற்கக்கூடாது.

வருசப் பிறப்பன்று கைவிசேடக் காசு கொடுத்துச் சாப்பாடு முடிந்தவுடன் கிருபானந்தன் காரைக் கழுவுவார். எண்ணெய்த் தாங்கியை நிரப்புவார். ரயர்களுக்குக் கூடக் காற்று அடிப்பார். எலி வராமலிருக்கப் பூச்சி உருண்டை போடுவார். பற்றரிக்குச் சார்ஜர் வயரைக் கொழுவுவார். ஆனால் உறையை மட்டும் போடமாட்டார். ரொறன்ரோவிலிருந்து படம் வரவேண்டும். ஒரு வருசம் அங்கே சித்திரையிலும் பனி கொட்டியது. படம் வரவில்லை. அவர் மழையென்றும் பாராமல் ஒவ்வொரு நாளும் காரை எடுத்து, த பேசின் என்ற பக்கத்து ஊர்க் கோயிலடிவரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்.

டண்டினோங்கில் கார் திருத்தும் கராஜ் வைத்திருந்த அவருடைய சினேகிதர் அரியரத்தினத்துக்கு இது பிடிப்பதேயில்லை. இங்கே உப்பும் இல்லை, பனியும் இல்லை, ஓடாமல் வைத்தால்தான் கார் சாகும், கனடாக்காரனின் வருத்தத்துக்கு நீ மருந்து குடிக்கிறாய் என்று வருசா வருசம் ஏசுவார். கிருபானந்தன் சிரித்துக்கொண்டு, "அவன் ஓடுறான் அரி. காணும்" என்பார்.

கல்யாணி அந்தக் காரில் ஒருநாளும் ஏறியதில்லை. கோடையில் கூரையைத் திறந்துகொண்டு, சேலையும் கொண்டையும் பறக்க, சனம் பார்க்கப் போக அவளால் ஏலாது. கூரையை மூடுங்கள் வாறன் என்றால், கூரையை மூடிக்கொண்டு இதில் போவதற்குக் கொரொல்லாவில் போகலாமே என்பார். போன வருசம் ஆனி மாதம், கலியாண நாளன்று, அவள் தானாகவே கேட்டாள். பக்கத்து மலையில் பனிப்புகார் மூடியிருக்கிறது, குளிர் என்றபடியால் கூரையை மூடித்தானே ஆகவேண்டும், ஒருக்கால் மேலே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவோம் என்றாள். அவர் ஒரு கணம் யோசித்தார். அந்தக் கணத்தை அவள் இன்னும் மறக்கவில்லை. "தீபாவளி கழியட்டும் கல்யாணி" என்றார். தீபாவளியும் கழிந்தது. கூரை திறந்திருந்தது. அவள் ஏறவில்லை. அந்த இடதுபக்க இருக்கையில் அவர் தன் தொப்பியை வைத்துக்கொண்டு போவார். அது உங்கட தம்பிக்கு வைத்த இடம், எனக்கெதற்கு என்று அவள் குத்திக் காட்டுவாள். அவர் இல்லையென்று சொன்னதில்லை.

நெஞ்சு நோகுது என்று கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் நடந்துதான் போனார். இரண்டாம் நாள் பின்னேரம் மூச்சு மாறிவிட்டது. முகத்து மாஸ்க்கை விலக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் கிட்டக் குனிந்தாள். வீடு வாசலைப் பற்றியோ மகனைப் பற்றியோ ஏதாவது சொல்லப்போகிறார் என்று நினைத்தாள்.

"பெடியன் வந்தால் காரை எடுக்கப் பார்ப்பான். உறையைக் கழற்ற விடாதையும்" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கினார். "செந்தில் ஓடிக்கொண்டிருக்கிறான்."

கட்டிய பெண்சாதிக்குச் சொல்ல அந்த மனுசனுக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லை. அவளுக்கு அப்போது பற்றிக்கொண்டு வந்தது. சரி, விடமாட்டன் என்று மட்டும் சொல்லி மாஸ்க்கைப் போட்டுவிட்டாள். விடியுமுன் அவர் போய்விட்டார்.

காரை மூடிவிட்டு அவள் கராஜால் திரும்பி வந்தபோது பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவறையில் கதிரைகளை ஒதுக்கி வைத்தார்கள். ஐயர் உரலில் வாசனைச் சுண்ணம் இடிக்கச் சொன்னார். வாய்க்கரிசி போட வரிசையில் வந்தார்கள். கல்யாணி எல்லாவற்றையும் சொன்னபடி செய்தாள். ஒரு பெடியன் முக்காலியில் கமெராவைப் பூட்டி உலகம் முழுக்கவுள்ள இனசனத்துக்கு நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தான். இளங்கீரன் தன் போனைக் கொண்டுவந்து அவளுக்கு முன்னால் நீட்டினான். ரொறன்ரோ. செந்தில்நாதனின் முகம். வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தான். அவனுடைய தலைக்குப் பின்னால் கார் இருக்கையின் கறுப்புத் தலையணை தெரிந்தது. காருக்குள் இருக்கிறான். கல்யாணிக்கு அந்த நேரத்திலும் ஒரு நிம்மதி வந்தது. அவன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறான்.

ஸ்பிரிங்வேல் தகனசாலையில் பெட்டி உள்ளே போனபோது அவள் அழுதாள். எல்லாரும் அழுதார்கள். அது முடிந்து வீட்டுக்கு வந்து தலை தோய்ந்துவிட்டு, ஆரோ கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டார்கள். அடுத்த நாளும் ஆரோ கொண்டுவந்தார்கள். சாவுத் துடக்கு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்ற சாக்கில் பொரோனியாவின் பாதித் தமிழ்ச் சனம் அந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியை நிரப்பிவிட்டது. இளங்கீரன் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்து, எல்லாமே கத்தரிக்காய் என்றான். அவள் அந்தக் கிழமையில் முதல்முறையாகச் சிரித்தாள்.

எட்டாம் நாள் காலமைதான் தாரகாவின் அழைப்பு வந்தது. தாரகா செந்தில்நாதனின் ஒரே மகள். தமிழ் கதைப்பாள், அவதிப்பட்டால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். அன்று தொடக்கமே ஆங்கிலமாக இருந்தது. கல்யாணி அவளை நிறுத்தி, அவசரப்படாமல் ஆறுதலாகச் சொல்லச் சொன்னாள்.

பெட்டி உள்ளே போனதைப் பார்த்த அன்றே அப்பா காரைவிட்டு இறங்கினாராம். இறங்கி, உறையை எடுத்துக் காரை மூடிவிட்டாராம். அன்றும் கார் வீட்டுக் கராஜுக்குள்தான் நின்றதாம். ஆட்களுக்கு முன்னால் அழ விரும்பாமல் அதற்குள் ஏறி இருந்து பார்த்தவராம்.

"இட்ஸ் ஜூலை, பெரியம்மா. இஞ்ச முப்பது பாகை. ஆராவது ஜூலையில காரை மூடுவினமா? கேட்டால், துடக்கு எண்டுறார். நான் என்ர காரில கூட்டிக்கொண்டு போறன் எண்டால் ஏறமாட்டாராம். நேற்று டயாலிசிஸுக்குப் போகேல்லை. நாளைக்கு விடிய அடுத்தது. அதையும் விட்டால்..."

கல்யாணி செந்தில்நாதனுக்குப் போன் எடுத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. திரும்பவும் எடுத்தாள். அவன் எடுக்கமாட்டான் என்று தெரியும். அண்ணனும் அப்படித்தான், கதைக்க விருப்பமில்லையென்றால் தலையை வெட்டினாலும் கதைக்கமாட்டார். எடுத்தாலும் என்னத்தைச் சொல்வது? மனதைத் தளரவிடாதே, கடவுள் இருக்கிறார், இதெல்லாம் எட்டு நாளாக அவளுக்கே சொல்லப்பட்டவை. அவற்றால் ஒரு சதத்துக்கும் பலன் இல்லையென்பது அவளுக்குத் தெரியும்.

அன்று எட்டுச் செலவு. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள். ஒடியல் கூழ், நண்டு, கணவாய்ப் பொரியல், ஆட்டுக் கறி, குழல் பிட்டு, ஒரு கிளாஸில் விஸ்கி. குசினி நிறையப் பெண்கள். கல்யாணி கதிரையில் இருந்தபடி இடியப்ப உரலைத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். ரொறன்ரோவில் கார் நிற்கிறது. இங்கேயும் நிற்கிறது. உறையைக் கழற்ற விடாதையும் என்று சொன்ன மனுசனுக்கு அவள் வாக்குக் கொடுத்தவள். ஆனால் அவர் அந்த வாக்கை வாங்கியது எதற்காக? அவன் ஓடுகிறான் என்பதற்காக. அவன் ஓடவில்லையென்றால்?

பொழுதுபடப் படையல் நடந்தது. முடிந்ததும் எல்லாவற்றிலும் ஒவ்வொரு பிடி எடுத்து வாழையிலைத் துண்டில் வைத்துக் கட்டினார்கள். அதை ஒரு முச்சந்தியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். ஊரில் என்றால் வாய் திறக்காமல் நடந்து போவார்கள். இங்கே மலையடிவாரத்தில் வீதி மூன்றாகப் பிரிகிற ஒரு மூலை, ஒரு பெரிய மரம், இரவில் நரி வந்து தின்றுவிட்டுப் போகும். அந்த இடத்தை அரியரத்தினம் பகலிலேயே பார்த்துவைத்திருந்தார். இளங்கீரன் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு எழும்பினான்.

"இரு. நான் கொண்டுபோறன்" என்றாள் கல்யாணி. "அப்பாவின்ர காரில."

குசினியில் சத்தம் நின்றது. பொம்பிளை போகிற வழக்கமில்லை என்று ஆரோ மெல்லச் சொன்னார்கள். இளங்கீரன், கார் எடுக்கக்கூடாது என்று எனக்குச் சொன்னது நீங்கள்தானே அம்மா என்றான். அதில் கோபம் இருந்தது, நியாயமும் இருந்தது. அவள் காரணத்தைச் சொன்னாள், ஒளிக்கவில்லை. சித்தப்பா காரை மூடிவிட்டார், ஆஸ்பத்திரிக்கும் போகிறாரில்லை, அங்கே ஓடாவிட்டால் இங்கே ஓடவேண்டும், அதுதான் அப்பாவின் சட்டம் என்றாள். இளங்கீரன் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, நான் ஓடுகிறேன், அம்மா பக்கத்தில் இருங்கள் என்றான்.

"பக்கத்தில இருக்கேலாது. அந்த இடம் வேணும்."

அரியரத்தினம் கராஜுக்குப் போனார். உறையைக் கழற்றி, வேட்டியை மடித்துச் சுவர்த் தட்டில் வைத்தார். சார்ஜர் வயரைக் கழற்றினார். ரயர்களைச் சுற்றி வந்து பாதத்தால் அழுத்திப் பார்த்தார். ஏசுகிற மனுசன் அன்று ஏசவில்லை. அவள் உள்ளே ஏறியபிறகு கதவைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, எடுத்தால் சும்மா சந்திவரைக்கும் போய்ப்போட்டு வரக்கூடாது. சூடேறாமல் நிப்பாட்டினால் அதுதான் எஞ்சினுக்குக் கேடு. அரை மணித்தியாலமாவது ஓட வேணும்" என்றார்.

கியர்க் கார் அவளுக்குப் புதிதல்ல. முதியோர் இல்லத்தில் வேலை செய்த காலத்தில் வருசக்கணக்காக அந்தப் பழைய கொரொல்லாவை ஓடியவள். ஆனால் இது பாய் போட்டு நிலத்தில் இருக்கிற மாதிரிப் பதிந்திருந்தது. இருக்கை அவருடைய காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளிக் கிடந்தது. அதை முன்னுக்கு இழுத்தாள். பக்கத்து இருக்கையில் அவருடைய தொப்பி. அதை எடுத்து மடியில் வைத்தாள். அந்த இடத்தில் இலைப் பொட்டலத்தையும் போனையும் வைத்து, கூழ் சிந்தாமலிருக்கப் பொட்டலத்தின்மேல் பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள். திறப்பைத் திருப்ப எஞ்சின் ஒருமுறை இருமி நின்றது. இரண்டாம் தரம் பிடித்துக்கொண்டது.

வாய் திறக்காமல் சந்திவரை போனாள். பூட்டிய பெல்ட்டுக்குக் கீழால் பொட்டலத்தை உருவி எடுத்து, மரத்தடியில் வைத்து அவிழ்த்தாள். கிளாஸிலிருந்த விஸ்கியை ஒரு சின்னப் போத்தலில் கொண்டுவந்திருந்தாள், அதையும் பக்கத்தில் வைத்தாள். திரும்பி வந்து காரில் ஏறிக் கதவைச் சாத்தியபோதுதான் தலைக்கு மேலே கண்ணாடி இருக்கிறது என்று கண்டாள். அதில் மரமும் இலையிலிருந்த பிட்டின் வெள்ளையும் மங்கலாகத் தெரியத்தான் செய்தன. பின்னால் பார்க்காமல் ஓடினால் பொலிஸ் பிடிக்கும், பார்த்தால் சாஸ்திரம் பிடிக்கும். கண்ணாடியை மேலே தட்டிவிட்டாள். முதல் வளைவு தாண்டுமட்டும் அது கூரையைப் பார்த்தபடி இருந்தது. அதற்குப் பிறகுதான் சரிப்படுத்தினாள்.

வீட்டுக்குத் திரும்புகிற வீதியை விட்டுவிட்டு மலை வீதிக்கு ஏறினாள். தொடக்கத்தில் ஓரமாக ஒரு இடம் இருந்தது. அங்கே எஞ்சினை அணைக்காமல் காரை நிறுத்தி, தாரகாவுக்குப் போன் எடுத்தாள். ரொறன்ரோவில் இன்னும் விடியவில்லை. தாரகா நித்திரை கொள்ளவில்லை. அப்பாவும்தான், குசினியில் லைற் போடாமல் இருக்கிறார் என்றாள். ஒன்றும் சொல்லாதே, போனை அவருக்குப் பக்கத்தில் வைத்துவிடு என்று சொல்லி, கல்யாணி தன் போனை ஸ்பீக்கரில் போட்டு இடது இருக்கையில் வைத்தாள். காரை வீதிக்கு எடுத்தாள்.

"அண்ணி?"

அவள் இரண்டாவது கியரில் அழுத்தினாள். ஏற்றத்தில் எஞ்சின் முழங்கியது. அவன் கேட்கட்டும் என்று விட்டாள்.

"அது அண்ணையின்ர காரோ?"

"ஓம்."

"ஆர் ஓடுறது?"

"நான்தான்."

அவள் அடுத்த வளைவை எடுத்தாள். பிறகு, "இப்ப அங்க குளிரெல்லோ அண்ணி" என்றான்.

"ஓம், குளிர்தான். இது என்ர முறை இல்லை, செந்தில். நீர் மூடிப்போட்டீர் எண்டு அறிஞ்சுதான் எடுத்தனான். ஏதாவது ஒண்டு ஓட வேணுமெல்லோ."

"அண்ணை இல்லை. இனி ஆருக்கு ஓடுறது?"

எட்டு நாளாக எல்லாரும் அவளைத் தேற்றினார்கள். அவளுக்கும் அதே கேள்விதான் இருந்தது, கேட்கத்தான் ஆளில்லாமல் இருந்தது.

"நான் இருக்கிறன்" என்றாள். "ஆனால் தீபாவளி வரைக்கும் என்னால ஏலாது. இந்த ஏத்தத்திலேயே கிளச்சுக் கால் நோகுது. விடிய ஆஸ்பத்திரிக்கு நீர் ஓடிக்கொண்டு போம். படம் வந்தால்தான் நான் இதை மூடுவன். வராட்டில் நாளைக்கும் எடுப்பன், நாளையிண்டைக்கும் எடுப்பன். இந்த வயசில மழைக்க என்னை அலைய விடாதையும்."

கதிரை ஒன்று நிலத்தில் இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

அதிகமாகச் சொல்லிவிட்டேனோ என்று நினைத்தாள். மலை வீதியில் வேறு கார் இல்லை. வளைவுக்கு வளைவு பனிப்புகார் இறங்கி, முன் லைற்றில் வெள்ளையாக விலகி வழி விட்டது. போன வருசம் ஆனியில் அவள் கேட்டது இதைத்தான். கூரை மூடியிருந்தது, ஹீற்றர் காலடியில் இளஞ்சூடாக அடித்தது, அவர் சொன்ன மாதிரிக் கொரொல்லா போல ஒன்றும் இல்லை. ஒருநாள் சட்டத்தை மீறியிருந்தால் என்ன குடிமுழுகியிருக்கும் என்று அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் யோசித்த அந்த ஒரு கணமும் கூடவே வந்தது. கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுக்க வேண்டியிருந்தது, வளைவு கழியுமட்டும் பொறுத்திருந்து துடைத்தாள். மடியிலிருந்த தொப்பி சரிந்தது. அதை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். அளவில்லை, காதுவரை இறங்கியது.

எஞ்சின் சூடு காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டது. இனித் திரும்பலாம். அடுத்த திருப்பத்தில் திரும்புவோம் என்று நினைத்தாள், ஆனால் தேத்தண்ணிக் கடை இன்னும் கொஞ்சம் மேலேதான். பூட்டியிருப்பார்கள். ஆனாலும் போய்ப் பார்க்கலாம்.

இடது இருக்கையில் போன் டிங் என்றது. ஒரு படம் வந்த சத்தம். வெறும் இருக்கையும், ஒன்றையும் பிடிக்காமல் பூட்டிக் கிடந்த பெல்ட்டும் ஒருமுறை நீல வெளிச்சமாகி அணைந்தன. கல்யாணி திரும்பிப் பார்க்கவில்லை. வீதியைப் பார்த்தபடி மூன்றாவது கியரைப் போட்டாள்.